துயரம் ஒழிந்த ஊரில் விருப்பம் எங்கே போகிறது?: கட்டுப்பாட்டுப் பொன்னுலகக் கதைகளுக்கு ஒரு விளக்கம்

பசி இல்லை, போர் இல்லை, திருட்டு இல்லை. எல்லோருக்கும் வேலை உண்டு, வீடு உண்டு, முதுமையில் பராமரிப்பும் உண்டு. குரலை உயர்த்திப் பேசுபவர்கூட இல்லை. இப்படி ஓர் ஊரைப் படைத்துக் காட்டிவிட்டு, அந்த ஊரிலிருந்து தப்பி ஓடுபவனைக் கதைத்தலைவனாக்கும் நாவல்களும் திரைப்படங்களும் கடந்த நூறு ஆண்டுகளில் பல வந்துள்ளன. கோவையிலோ ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ ஆங்கில இலக்கியம் பயிலும் ஒருவர் இவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்தால், பாதி நூலுக்குள் ஒரு கேள்வி எழுந்தே தீரும்: அங்கே வாழ்பவர்களே குறை சொல்லாதபோது, குறை எங்கே இருக்கிறது?

கேள்வி நியாயமானது. குடிநீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த தலைமுறைகளும், விலை விழுந்த பருவத்தில் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போன உழவர்களும் வாழும் கொங்கு மண்ணில், எல்லாம் சீராக நடக்கும் ஊர் என்பதை ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. அந்த ஊர் எதைக் கொடுத்து எதை வாங்கிக்கொள்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் கதையின் கேடு எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும்.

சொற்களின் பொருள்

உட்டோப்பியா என்பது தாமஸ் மோர் 1516இல் லத்தீனில் எழுதிய நூலின் பெயர். பின்னர் அது குறையற்ற சமுதாயம் எதற்கும் பொதுப்பெயராயிற்று. தமிழில் பொன்னுலகு என்கிறோம். மோரின் தீவில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உழைத்தால் போதும், பொதுக்கூடத்தில் சாப்பாடு கிடைக்கும், தனிச்சொத்து கிடையாது. ஆனால், வெளியூர் போக அனுமதி வேண்டும். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே, கட்டுப்பாடு என்பது பிற்கால எழுத்தாளர்கள் பொன்னுலகின்மீது ஏற்றிய களங்கம் அன்று. பெயர் பிறந்த நூலிலேயே அது இருக்கிறது.

டிஸ்டோப்பியா என்பது இதற்கு எதிரான கொடுங்கனவு உலகு. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலில் வருவது போன்ற ஊர். அங்கே வறுமையும் சித்திரவதையும் வெளிப்படையாகவே இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. உள்ளே வாழ்பவருக்கு அது பொன்னுலகு. வெளியிலிருந்து படிப்பவருக்குக் கொடுங்கனவு. இக்கட்டுரை அதைக் கட்டுப்பாட்டுப் பொன்னுலகு என்று அழைக்கிறது; பேசப்போவதும் அதைப் பற்றியே.

சுதந்திரம் என்ற சொல்லுக்கு மெய்யியலாளர் ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் இரு பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பிறர் குறுக்கே நிற்காமை; மற்றொன்று, தன் வாழ்வைத் தானே ஆளுதல். கட்டுப்பாட்டுப் பொன்னுலகில் முதற்பொருளில் சுதந்திரம் குறைவு என்பது எவர் கண்ணுக்கும் தெரியும். இரண்டாம் பொருளில் நேரும் இழப்பே ஆழமானது. அதைக் காண உணர்ச்சி என்பது என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அழுகைக்கு நான்கு காரணங்கள்

உணர்ச்சியை வகைப்படுத்த நமக்கு வெளியே போகத் தேவையில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. இவற்றுள் நான்கு நல்லவை, நான்கு ஒழிக்கத்தக்கவை என்ற பிரிவினை அங்கே இல்லை. எட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அடுத்து, ஒவ்வொரு மெய்ப்பாடும் எந்த நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்று நூல் விரிக்கிறது. அழுகைக்கு அது தரும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்பிருந்த நிலை தாழ்ந்து தளர்தல், இல்லாமை.

இந்த நான்கையும் ஓர் ஆட்சியாளரின் கண்கொண்டு பார்த்தால் கட்டுப்பாட்டுப் பொன்னுலகின் முடிச்சு அவிழ்கிறது.

1. வறுமையை ஆட்சி ஒழிக்கலாம். உணவைப் பங்கிட்டால் போதும்.

2. இளிவை ஆட்சி ஒழிக்கலாம். சாதி, செல்வம், பட்டம் என்ற வேறுபாடுகளை நீக்கி, ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசுவதைக் குற்றமாக்கலாம். கொங்கு நாட்டில் தேநீர்க்கடை இரட்டைக்குவளையை எதிர்த்துப் போராடியவர்கள் கேட்டது இதைத்தான், அது கேட்கத்தக்கதே.

3. அசைவை ஆட்சி பெருமளவு குறைக்கலாம். மருத்துவமும் ஓய்வூதியமும் முதியோர் இல்லங்களும் அதற்காகவே உள்ளன.

4. இழவை எந்த ஆட்சியும் ஒழிக்க முடியாது. மனிதர் சாவார்கள், பிரிவார்கள், நேசித்தவர் வேறொருவரை நேசிப்பார். எவ்வளவு செல்வமும் திட்டமும் இருந்தாலும் இதற்கு நிர்வாக வழி கிடையாது.

முதல் மூன்றையும் ஒழித்து முடித்த ஊர் நான்காவதன் முன்னால் வந்து நிற்கும்போது அதற்கு இரண்டு பாதைகள் உள்ளன. அழுகையை வாழ்வின் பகுதியாக ஏற்றுக்கொண்டு அங்கேயே நின்றுவிடலாம். அல்லது, இழப்பு என்ற ஒன்றே நேராதபடி, 'என்னுடையவர்' என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் எவரும் இல்லாமல் செய்துவிடலாம். இரண்டாம் பாதையில் காலெடுத்து வைத்த பொன்னுலகே கட்டுப்பாட்டுப் பொன்னுலகு. கொடுங்கோலர்கள் அதைக் கொடுமைக்காகத் தொடங்கவில்லை. நல்லெண்ணத்தின் கடைசிப் படியாகவே அது வருகிறது. இவ்வகைக் கதைகள் நம்மை உலுக்குவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதி இந்தப் பாதையை வெளிப்படையாகவே முன்மொழிகிறது. காவலர் வகுப்பில் மனைவியரும் பிள்ளைகளும் பொது. எந்தக் குழந்தை யாருடையது என்று பெற்றோருக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. இணைசேர்தலைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிப்பதாக மக்கள் நம்புவார்கள். அந்தச் சீட்டை ஆள்வோர் மறைவில் இயக்குவார்கள். ஏன் இவ்வளவும்? 'என்னுடையது', 'என்னுடையது அல்ல' என்ற சொற்களை மிகப் பெரும்பாலோர் ஒரே பொருளைக் குறித்துச் சொல்லும் நகரமே சிறந்த நகரம் என்பது அங்கு வரும் வாதம். ஒருவன் தன் மகனுக்காக மட்டும் அழுதால் நகரம் பிளவுபடுகிறது என்பது அதன் உட்பொருள்.

கம்பர் காட்டும் கோசலமும் ஒரு பொன்னுலகே. 'வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்' என்று தொடங்கும் புகழ்பெற்ற பாடல், வறியவர் இல்லாததால் வள்ளன்மைக்கு அங்கே வேலையில்லை என்கிறது. பொய் இல்லாததால் உண்மை என்று ஒன்று தனித்துத் தெரியவில்லை என்கிறது. புகழ்ச்சியாகச் சொல்லப்பட்ட இந்த வரிகள், எதிர்ப்பொருளை நீக்கினால் அதன் இணையும் மங்கும் என்ற உண்மையைத் தொட்டுச் செல்கின்றன. ஆனால், கோசலத்தில் எவரும் எவருடைய பாசத்தையும் தடுக்கவில்லை. அந்த நாட்டு மன்னன் மகனைப் பிரிந்த துயரத்திலேயே உயிர்விடுகிறான். கம்பரின் பொன்னுலகு இழவுக்கு முன்னால் நின்றுவிட்ட பொன்னுலகு.

கட்டுப்பாடு எப்படிச் செயல்படுகிறது

இதன் இயக்கத்தை மிகத் துல்லியமாகக் காட்டும் நூல் லோயிஸ் லவ்ரி 1993இல் எழுதிய 'தி கிவர்'. இளையோருக்கான நாவல் இது. 1994இல் நியூபெரி பதக்கம் பெற்றது. 2014இல் திரைப்படமாக வந்தது. நிறங்களோ மலைகளோ பனியோ இல்லாத ஓர் ஊரில், பன்னிரண்டு வயதாகும் ஜோனஸ் என்ற சிறுவனுக்கு ஊரின் பழைய நினைவுகள் அனைத்தையும் சுமக்கும் பணி ஒதுக்கப்படுகிறது. அந்த ஊரின் ஏற்பாடுகளைக் கவனியுங்கள்.

1. உறவு ஒதுக்கீடு. கணவன், மனைவி, ஓர் ஆண் குழந்தை, ஒரு பெண் குழந்தை என்று குடும்பம் விண்ணப்பத்தின் பேரில் அமைக்கப்படுகிறது. பெற்றவள் வேறு, வளர்ப்பவர்கள் வேறு. பிள்ளைகள் வளர்ந்ததும் குடும்பம் கலைந்துவிடும். கூட்டம் என்னும் குலப்பிரிவையும் சாதகத்தையும் பெரியவர்கள் பார்த்து இணை சேர்க்கும் வழக்கத்தை அறிந்த கொங்கு வாசகருக்கு, இணையைப் பிறர் தேர்ந்தெடுப்பது அமெரிக்க வாசகருக்குத் தருமளவு அதிர்ச்சியைத் தராது. நமக்கு உறைக்க வேண்டிய இடம் வேறு: நம் வழக்கத்தில் சேர்த்துவைத்த பின்னர் அன்பு வளரும் என்ற எதிர்பார்ப்பாவது உண்டு, அந்த ஊரில் அது வளர்ந்துவிடக் கூடாது என்பதே திட்டம். இணையைப் பிறர் தேர்ந்தெடுப்பதில் நம் வழக்கமும் எவ்வளவு கொடூரமாக மாற முடியும் என்பதை, மீறிக் காதலித்தவர்களுக்கு இந்த மாவட்டங்களிலேயே நேர்ந்த கொலைகள் காட்டியிருக்கின்றன என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது.

2. மாத்திரை. பருவத்தின் முதல் கிளர்ச்சி கனவில் தோன்றிய நாளிலிருந்து முதுமை வரை ஒவ்வொருவரும் காலையில் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும்.

3. ஒப்புவித்தல். காலையில் கனவையும் மாலையில் அன்றைய உணர்ச்சியையும் குடும்பத்தார் முன்னால் சொல்ல வேண்டும். பார்வைக்கு இது அழகிய பழக்கம். ஆனால், சொல்லி முடித்ததும் மற்றவர்கள் அதற்கு விளக்கம் தந்து கரைத்துவிடுவார்கள். எந்த உணர்ச்சியும் ஓரிரவைத் தாண்டி ஒருவருக்குள் தங்காது. உணர்ச்சியை அடக்குவதைவிட, அதை உடனுக்குடன் வெளியே எடுத்து ஆறவைத்துவிடுவது மேலும் வலிய கட்டுப்பாடு.

4. மொழி. தன்மேல் அன்பு உண்டா என்று ஜோனஸ் கேட்கும்போது, பொருளற்றுப்போன சொல்லைப் பயன்படுத்துகிறாய் என்று பெற்றோர் சிரித்துத் திருத்துகிறார்கள். ஆர்வெல்லின் நாவலில் அரசு ஆண்டுதோறும் அகராதியைச் சுருக்குவதும் இதே நோக்கத்தோடுதான்.

5. மறதி. ஊரின் கடந்தகாலம் முழுவதும் ஒரே ஒரு மனிதரிடம் வைக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு வலியும் தெரியாது, வரலாறும் தெரியாது.

இந்த ஐந்தில் காவலர், சிறை, சாட்டை எதுவுமில்லை. மரணதண்டனை மட்டும் உண்டு; அதற்கும் விடுவிப்பு என்ற மென்மையான பெயர்.

கேலெப் என்ற குழந்தையும் ஒப்பாரியும்

அந்த நாவலில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. கேலெப் என்ற நான்கு வயதுக் குழந்தை ஆற்றில் விழுந்து இறந்துபோகிறது. ஊரார் அனைவரும் அன்று முழுவதும் அவன் பெயரை முணுமுணுக்கிறார்கள். நேரம் செல்லச்செல்லக் குரலைத் தாழ்த்தி, இடைவெளியை நீட்டி, கடைசியில் அந்தப் பெயர் தானாக மறைந்துபோகும்படி செய்கிறார்கள். பின்னர் அதே பெற்றோருக்கு மாற்றுக் குழந்தை ஒன்று வழங்கப்படுகிறது. அதற்கும் கேலெப் என்றே பெயர். ஊரார் மீண்டும் அந்தப் பெயரை மெல்லத் தொடங்கி உரக்கச் சொல்கிறார்கள். காலியான இடம் நிரப்பப்பட்டுவிட்டது.

இதை நம் ஊர்ப்புற இழவு வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பாரி பாடும் பெண் இறந்தவரின் பெயரை மங்கச் செய்வதில்லை. அவர் எந்தச் சந்தைக்குப் போய் என்ன வாங்கி வந்தார், யாருக்கு என்ன சீர் செய்தார், எந்தக் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பார் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இந்த ஒருவருக்கு மாற்று இல்லை என்பதை ஊரறிய நிலைநாட்டுகிறாள். சில இடங்களில் அவள் தன் சொந்தக் குறைகளையும் அதே பாட்டில் இறக்கிவைக்கிறாள். இருப்பவர்கள்மீதுள்ள கோபத்தையும் சொல்கிறாள். வேறெந்த இடத்திலும் அவளுக்குக் கிடைக்காத பேச்சுரிமை அந்த அழுகையில் கிடைக்கிறது.

இரு சடங்குகளும் துயரத்தைக் கையாள்கின்றன. ஒன்று இறந்தவரை மாற்றத்தக்க பொருளாக்குகிறது. மற்றொன்று மாற்ற முடியாத ஆளாக்குகிறது. தனிமனிதர் என்ற கருத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஒருவருக்கு மாற்று இல்லை என்று யாராவது ஒருவர் உணர்ந்தால்தான் அவர் தனிமனிதர் ஆகிறார். சட்டம் தரும் உரிமைகள் அந்த உணர்வுக்குப் பின்னால் வருபவை.

ஜோனஸின் தந்தையைப் பாருங்கள். அவர் குழந்தைகளைப் பராமரிக்கும் பணியாளர், கனிவானவர், வளர்ச்சி குன்றிய ஒரு குழந்தையை வீட்டுக்கே தூக்கிவந்து பார்த்துக்கொள்கிறார். அதே மனிதர் இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஊசி போட்டுக் கொல்கிறார். கொல்லும்போதும் கொஞ்சிப் பேசிக்கொண்டேயிருக்கிறார். அவரிடம் கொடூரம் இல்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற கணக்கைத் தாண்டி ஓர் உயிரைப் பார்க்க அவருக்குக் கற்றுத்தரப்படவில்லை. அந்த ஊரின் கேடு முழுவதும் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

உணர்ச்சி போனால் தேர்வு என்ன ஆகும்

இங்கே ஒரு மறுப்பு எழலாம். உணர்ச்சி அறிவைக் கெடுக்கிறது. உணர்ச்சி குறைந்தால் முடிவுகள் தெளிவாகத்தானே வரும்? சினத்திலும் பேராசையிலும் எடுத்த முடிவுகளால் நிலத்தையும் உறவையும் இழந்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். ஆகவே, இந்த மறுப்பைச் சரியாக எடைபோட வேண்டும்.

நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட நூலில், மூளையின் முன்பகுதியில் பாதிப்படைந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களின் அறிவுத்திறன் சோதனைகளில் குறையின்றி இருந்தது. நினைவும் மொழியும் சரியாக இருந்தன. உணர்ச்சி மட்டும் வற்றியிருந்தது. டமாசியோ அவர்களில் ஒருவரிடம் அடுத்த சந்திப்புக்கு இரண்டு நாள்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அவர் ஏறத்தாழ அரைமணி நேரம் இரு நாள்களுக்கும் உள்ள சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே போனார், முடிவுக்கு வரவில்லை. டமாசியோவின் விளக்கம்: எதற்கு எவ்வளவு எடை என்பதை உடலில் எழும் உணர்ச்சியே குறித்துக் காட்டுகிறது, அந்தக் குறி இல்லாதபோது எல்லாக் காரணங்களும் சம எடையோடு நிற்கின்றன. இந்தக் கருதுகோளின் நுணுக்கங்களில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. என்றாலும், உணர்ச்சி தேர்வுக்குப் பகை என்ற பழைய நம்பிக்கை அப்படியே நிற்க முடியாது என்பதை இது காட்டியது.

லவ்ரியின் நாவலிலும் இதற்கு ஈடான இடம் இருக்கிறது. வேலையாள் எண்ணிக்கையைப் பெருக்கப் பிறப்புகளை உயர்த்தலாமா என்று ஊர்ப்பெரியோர் குழு ஒருமுறை நினைவுகளைச் சுமப்பவரிடம் ஆலோசனை கேட்கிறது. அவர் கணக்குப் போடவில்லை, அவருக்குள் இருந்த பட்டினியின் நினைவு எழுகிறது, வேண்டாம் என்கிறார். தமக்கு உணர்ச்சி வேண்டாம் என்று முடிவு செய்த ஊர், முடிவெடுக்கும் நேரத்தில் உணர்ச்சியுள்ள ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மாத்திரையின் வேலை என்ன என்பது இப்போது தெரிகிறது. அது மக்களின் தேர்வைத் தடை செய்யவில்லை. தேர்வின் எடையை எடுத்துவிடுகிறது. இதுவா அதுவா என்று கேட்டால் எதுவானாலும் சரி என்று சொல்லும் மனிதருக்குத் தடை எதற்கு? பெர்லின் சொன்ன இரண்டாம் பொருளில், தன்னை ஆளும் 'தான்' அங்கே இல்லாமல் போகிறது. உள்ளே வாழ்பவர்கள் குறை சொல்லாததன் காரணமும் இதுவே. குறை சொல்ல ஒரு விருப்பம் வேண்டும். விருப்பம் நிறைவேறாத வருத்தம் வேண்டும். அவர்களின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

யெவ்கெனி சமியாத்தின் 1920–21இல் எழுதிய ரஷ்ய நாவலான 'நாம்' இதன் கடைசி எல்லையைக் காட்டிவிட்டது. கண்ணாடி வீடுகளில், பெயருக்குப் பதில் எண்களோடு, கால அட்டவணைப்படி மக்கள் வாழும் நாடு அது. கலகம் எழுந்ததும் அரசு கற்பனையாற்றலையே அறுவை மூலம் நீக்குகிறது. அறுவை முடிந்த கதைசொல்லி, தான் காதலித்த பெண் சித்திரவதைக்கு உள்ளாவதை அருகில் அமர்ந்து சலனமின்றிப் பார்க்கிறான். அந்த நாவல் சோவியத் நாட்டில் அச்சேறுவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மருந்து என்ற சொல்லில் ஒரு எச்சரிக்கை தேவை. இக்கதைகளைப் படித்துவிட்டு, மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரையையும் இதே கணக்கில் வைப்பது பெருந்தவறு. மனச்சோர்வு எட்டு மெய்ப்பாடுகளையும் வற்றவைக்கும் நோய். சிகிச்சை அவற்றைத் திரும்பப் பெறும் முயற்சி. நோயாளி கேட்டுப் பெறுகிறார், மருத்துவரோடு பேசி மாற்றிக்கொள்கிறார், நிறுத்துகிறார். கதையின் மாத்திரை நோயற்றவருக்கு, கேளாமலே, வாழ்நாள் முழுதும் தரப்படுவது.

ஈரோட்டிலிருந்து ஒரு பொன்னுலகு

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் குழந்தைகள் குப்பிகளில் வளர்க்கப்படுகிறார்கள். கருவிலேயே ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். தாய் என்ற சொல் அங்கே கூசத்தக்க சொல். மனம் சற்றுக் கலங்கினால் 'சோமா' என்ற மருந்து தயாராக இருக்கிறது. பிறப்பைப் பெண்ணின் உடலிலிருந்து பிரித்தது அடிமைத்தனத்தின் தொடக்கமாக அந்நூலில் காட்டப்படுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1944இல், ஈரோட்டுக்காரரான பெரியாரின் 'இனிவரும் உலகம்' வெளிவந்தது. அதுவும் ஒரு பொன்னுலகச் சித்திரம்தான். அரசன் இல்லாத, உழைப்பு மிகக் குறைந்த உலகம். கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும். ஆளுக்கு ஆள் உருவம் காட்டிப் பேசிக்கொள்வார்கள். அதில், பிள்ளை பெறுவதை ஆண் பெண் சேர்க்கையிலிருந்து பிரித்துவிடும் காலம் வரும் என்றும் அவர் எழுதினார். ஹக்ஸ்லியை அச்சுறுத்திய அதே பிரிவினை, குழந்தைப்பேறு பெண்ணை அடிமையாக்குகிறது என்று வாதிட்டுவந்த பெரியாருக்கு விடுதலையின் வாயிலாகத் தெரிகிறது.

ஒரே நுட்பம், எதிரெதிரான இரண்டு தீர்ப்புகள். யார் சரி என்று கேட்பதைவிட, எது வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று கேட்பது பயன் தரும். ஹக்ஸ்லியின் உலகில் எத்தனை குழந்தைகள், எந்த வகுப்பில் என்பதை ஆட்சியாளர் தீர்மானிக்கிறார். பெரியார் மனத்தில் நின்றவள், கருவுறுதலைத் தானே மறுக்கவும் ஏற்கவும் முடியாமல் இருந்த பெண். கருவியின் கைப்பிடி யார் கையில் என்பதே கணக்கு. இந்த அளவுகோலைப் பெரியாரின் நூலுக்கும் நேர்மையாகப் பொருத்த வேண்டும். தேர்ந்தெடுத்த ஆண்களின் வித்தைக் கொண்டு உடல்வலிமையும் அறிவும் மிக்க பிள்ளைகள் பிறக்கச் செய்யப்படும் என்று அதில் ஓர் இடம் வருகிறது. தேர்ந்தெடுப்பவர் யார்? எந்த அறிவை, எந்த உடலைத் தகுதி என்பது? விடுதலைக்காக எழுதப்பட்ட பொன்னுலகிலும் இந்தக் கேள்விக்கு ஓர் இடம் திறந்தே கிடக்கிறது. வாசகர் அங்கே நின்று யோசித்தே ஆக வேண்டும்.

நினைவை யார் சுமப்பது

ஒரு மனிதரிடம் நினைவு முழுவதையும் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் கவலையற்று வாழும் ஏற்பாடு, கொங்கு நாட்டவருக்கு வியப்பாகவே இருக்கும். இங்கே பொன்னர், சங்கர் என்ற உடன்பிறந்தோரின் வீரக்கதையான அண்ணமார் கதையை உடுக்கையோடு இரவு இரவாகப் பாடும் கலைஞர் நினைவைச் சுமப்பவர்தான். ஆனால், பொன்னரும் சங்கரும் மடியும் படுகளம் வரும்போது கதை பாடகரிடம் நின்றுவிடுவதில்லை. கூடியிருப்பவர்களில் சிலர் தாமும் களத்தில் வீழ்ந்தவர்களைப்போல் தரையில் விழுகிறார்கள். தங்கையின் புலம்பல் எழுகிறது. பின்னர் வீழ்ந்தவர்கள் எழுப்பப்படுகிறார்கள். பழைய இழப்பு ஒன்றை ஊரே மீண்டும் தன் உடம்பில் ஏற்றிப் பார்க்கிறது.

இதை அப்படியே போற்றிவிடவும் கூடாது. சேர்ந்து நினைவுகூரும் ஊர், யாரை நினைவுகூர மாட்டோம் என்பதையும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அந்தக் களத்துக்கு அருகில் வரவும் சிலருக்கு இடம் தராத வழக்கங்கள் இருந்திருக்கின்றன. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வெளிவந்து, திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பால் 2015 சனவரியில் அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்ததும், 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும் தமிழ் வாசகர் அறிந்தவை. பிள்ளையில்லாத தம்பதியின் தனித்துயரத்தை எழுதிய நூல் அது. ஊரின் நினைவுக்கும் ஒருவர் சொல்லும் நினைவுக்கும் மோதல் வரும்போது, தனிக்குரலைக் காக்க ஊரைத் தாண்டிய ஒரு மன்றம் தேவைப்படுகிறது என்பதை அந்த வழக்கு காட்டியது. லவ்ரியின் ஊரில் அப்படி ஒரு மன்றம் இல்லை.

விடுதியும் பஞ்சாலையும்

இந்தக் கதைகளின் தருக்கம் நம் அருகில் எங்கே தென்படுகிறது? எல்லாவற்றையும் டிஸ்டோப்பியா என்று கூவுவது சொல்லை மலிவாக்கிவிடும். என்றாலும், இரண்டு இடங்களைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

முதலாவது, நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தின் உண்டு உறைவிடப் பள்ளி முறை. மாநில அளவில் முதலிடங்களைக் குவித்துப் புகழ்பெற்ற வட்டாரம் இது. அரசு 2017இல் தரவரிசை அறிவிப்பை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் வழக்கத்தை மாற்ற, 2017–18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. அதிகாலை எழுப்பும் மணியிலிருந்து இரவுப் படிப்பு முடியும் வரை நேரம் அட்டவணையிடப்பட்ட வாழ்வை, ஒரு தலைமுறையின் கல்லூரிக் கனவுக்காகப் பெற்றோர் கடன் வாங்கி விலைகொடுத்துப் பெற்றார்கள். அவர்கள் நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால், வீட்டு நினைவு வந்து அழும் பிள்ளையின் அழுகை, தேர்வு முடியும் வரை ஒத்திவைக்க வேண்டிய இடையூறாக மட்டும் பார்க்கப்படும்போது, அந்தப் பிள்ளை எதை விரும்புகிறது என்று கேட்கும் வாய்ப்பும் சேர்ந்தே ஒத்திவைக்கப்படுகிறது.

இரண்டாவது, பஞ்சாலை விடுதி. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' போன்ற பெயர்களில் இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, முடிவில் திருமணத்துக்கு உதவும் ஒரு தொகை தரப்படும் என்ற உறுதியோடு விடுதியில் தங்கவைக்கப்பட்ட முறை பல ஆண்டுகள் கண்டனத்துக்கு உள்ளானது. உணவு, உறைவிடம், பாதுகாப்பு எல்லாம் உண்டு. வெளியே போகவும் கைப்பேசியில் பேசவும் கட்டுப்பாடு உண்டு. பெண்ணின் பாதுகாப்பு என்ற சொல்லே பூட்டாகவும் பயன்பட்டது. விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது.

கதையின் ஊரோடு இவற்றுக்குள்ள வேறுபாடு பெரிது: பள்ளிக்கும் ஆலைக்கும் ஒரு முடிவு நாள் இருக்கிறது, அங்கிருப்பவர்களுக்கு வேறு வாழ்க்கை தெரியும், அழவும் தெரியும். ஒற்றுமை, பேரத்தின் வடிவத்தில் இருக்கிறது. பாதுகாப்பும் எதிர்காலமும் தருகிறோம், அதுவரை விருப்பத்தைக் கொடுத்து வை என்ற பேரம் அது.

உணர்ச்சியை அளக்கும் கருவிகள்

மாலைதோறும் உணர்ச்சியை ஒப்புவிக்கும் கதைவழக்கத்துக்கு இன்று ஒரு தொழில்நுட்ப இணை வந்துவிட்டது. முகபாவம், குரல், கண்ணசைவு ஆகியவற்றை கேமராவும் மென்பொருளும் படித்து, மாணவர் சலிப்படைந்தாரா, ஊழியர் எரிச்சலடைந்தாரா என்று கணிப்பதாகச் சொல்லும் கருவிகள் விற்பனையில் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் இத்தகைய உணர்ச்சிக் கணிப்பைத் தடை செய்தது. 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறையில் உள்ளது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. பணியிடமும் பள்ளியும் குறிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் தெளிவு: அந்த இரண்டு இடங்களிலும் கண்காணிக்கப்படுபவர் 'வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் இல்லை.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணர்ச்சிக் கணிப்பு என்று தனியே ஏதும் கூறப்படவில்லை. அதன் 9ஆம் பிரிவு குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. சில வகை நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அதே பிரிவு அரசுக்குத் தருகிறது. பள்ளி விடுதிகள் நிறைந்த மாவட்டங்களில் வாழும் பெற்றோர் அந்த விலக்கு யாருக்கு, எந்த அளவுக்கு என்பதைக் கேட்டறிய வேண்டும். அச்சட்டத்தின்படி குழந்தை என்பவர் பதினெட்டு வயது நிறையாதவர்; பதினெட்டு முடிந்து பஞ்சாலை விடுதியில் சேரும் பெண்ணுக்கு அந்தப் பிரிவின் காப்பு கிடையாது. அவள் முகத்தைக் கேமரா படிக்கலாமா என்பது, சட்டத்தின் பார்வையில், அவள் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒப்புதலைப் பொறுத்தோ, ஒப்புதலே தேவையில்லாத வேலை தொடர்பான பயன்பாடு இது என்று ஆலை வாதிடுவதைப் பொறுத்தோ அமையலாம். வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்திட மறுக்க அவளால் உண்மையிலேயே முடியுமா என்பதைத் தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் இப்போதே எழுப்ப வேண்டும். கருவிகள் வாயிற்கதவில் பொருத்தப்பட்ட பின்னர் எழுப்பினால், அவை ஏற்கெனவே பாதுகாப்பு ஏற்பாடு என்ற பெயரைப் பெற்றிருக்கும்.